மூன்றாவது ஸ்லாட், உபயம் சொக்கம்மாள்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பக்தவச்சலத்தின் எழுத்தைப் பார்க்காமல் யாரும் ஒரு நாளைக் கழித்துவிட முடியாது. திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் பெட்டிகளின் மேல் எண்ணும் எழுத்தும் வரைவது அவருடைய வேலை. கப்பலில் அடுக்கி வைத்தாலும் கரையிலிருந்து படிக்க முடிய வேண்டும் என்று எழுதி எழுதிப் பழகிய கை, வீட்டுக்கு வந்தாலும் சின்னதாக எழுதாது. வீட்டு எண்ணைக் கதவில் எழுதப் போய்க் கதவு போதாமல் கடைசி எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்.

யார்டு வேலை போக மீதி நேரமெல்லாம் அவர் வைகறை இளைஞர் நற்பணி மன்றத்தின் செயலாளர். மன்றம் ஆரம்பித்தபோது எல்லோரும் இளைஞர்கள்தான். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றாததால் 2004ஆம் வருஷத்திலும் அவர்கள் இளைஞர்களாகவே இருந்தார்கள். அதில் மிக இளையவன் கன்டெய்னர் லாரி ஓட்டும் அறிவு. அவனுக்கே நாற்பது தாண்டி, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை தேவைப்பட்டது.

மன்றத்துக்குள் ஒரு பொருள் வந்தால் கொடுத்தவர் பெயர் அதில் ஏறியாக வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எந்தச் சட்டத்தையும்விட உறுதியாக இருந்தது. டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று தொடங்கிக் கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், பிளாக் நம்பர் என்று எழுதியதில் வெளிச்சம் வர ஓரத்தில் ஒரு சாண் மிஞ்சியது. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் வேதமாணிக்கம் பெயர். ஐஸ் பாக்டரியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விசிறி சுற்றினால் பெயரைப் படிக்க முடியாதே, அதனால் கரன்ட் போகும்போதெல்லாம் வீட்டிலிருந்து எழுந்து வந்து அண்ணாந்து படித்துவிட்டுப் போவார். கப்பலில் கழித்துப் போட்ட இரும்புக் கதவு ஒன்றைப் பழைய இரும்பு வியாபாரி கலீலுல்லா உபயமாகக் கொடுத்தபோது அதை மாட்டச் சுவர் இல்லை. பக்தவச்சலம் அதை அறைக்கு நடுவில் நிற்க வைத்துவிட்டார். இத்தனை வருஷமாக எல்லோரும் அதைத் திறந்து, மறுபடி மூடிவிட்டுத்தான் கேரம் போர்டுக்குப் போகிறார்கள். சுவரில் மாட்டியிருந்த அண்ணல் படத்தில் மட்டும் எந்தப் பெயரும் கிடையாது. அதில் போடச் சொல்லிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

கொடுக்க வந்தவரிடம் ‘வேணாம்’ என்று சொல்லத் தெரியாத மனுஷன் பக்தவச்சலம். செயலாளர் பதவி அவரை விட்டுப் போகாததற்கு அதுதான் காரணம். வேறு திறமை எதுவும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இத்தனை உபயத்திலும் அவர் மனைவி சொக்கம்மாள் பெயர் ஒரு இடத்திலும் கிடையாது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை, ‘இதோ வந்துட்டேன்’ என்று பட்டு வேட்டியோடு போய் மன்றத்தின் கால்பந்து பானரை எழுதிவிட்டு வந்தார். கல்யாண போட்டோவில் அவருடைய இடது காது நீலமாக இருக்கும். அன்று தொடங்கிய பேஜாரு. மன்றத்துக்கு யார் வந்தாலும் டீ அவள் வீட்டிலிருந்து போக வேண்டும், குடிதண்ணீர் அவள் குடத்திலிருந்து போக வேண்டும், விழாவுக்கு உட்கார அவள் பாய் போக வேண்டும். போன பாய் திரும்பி வந்தால் அதில் வேறு யாரோ பெயர் இருக்கும். “உன் மன்றத்துக்கு என் கையால ஒரு குண்டூசி குடுக்க மாட்டேன், பாத்துக்கோ” என்று முதல் வருஷத்தில் சொன்னவள், பதினெட்டு வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். கேட்டு வாங்கிக்கொண்டு போனதெல்லாம் கொடுத்ததாகாது என்பது அவள் கட்சி. அவள் கட்சி சரிதான்.

இந்த இளைஞர்களுக்கு வருஷம் ஒருமுறை ராயபுரத்துக் கிளப் ஒன்றோடு கால்பந்து ஆட்டம் உண்டு. கடைசியாக மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் இடைவேளைக்குள் இரண்டு பக்கமும் பாதிப் பேர் கோட்டுக்கு வெளியே முட்டியைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்கள். நடுவருக்கே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ராயபுரத்துச் செயலாளர் லூயிஸ், மீன்பிடி துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்ப்பவர், படுத்தபடியே ஒரு யோசனை சொன்னார். “மாமு, இனிமே கம்ப்யூட்டர்ல ஆடலாம். அதுல முட்டி வலிக்காது.”

மறுவருஷம் ராயபுரத்தில் அப்படியே நடந்தது. முறை எதுவும் குறையவில்லை. ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக் கட்டையைப் பிடித்து ஆடுவது இரண்டே பேர். ஆனால் இரண்டு பக்கமும் பதினோரு பேரும் ஜெர்சி போட்டுக்கொண்டு, அவரவர் இடப்படி ஆடுபவனுக்குப் பின்னால் நின்றார்கள். கோல்கீப்பர் கடைசியில் வாசற்படியில். நடுவர் பிகில் ஊதினார், காசு சுண்டினார்கள், இடைவேளைக்கு எலுமிச்சைப் பழம் நறுக்கி வந்தது. ராயபுரத்து மிஷினில் பந்து நிஜப் பந்துபோல ஓடியது. வியாசர்பாடி தோற்றது. தோற்றதைவிட, “அடுத்த வருசம் உங்க மிசினுல பாக்கலாம், அதாச்சும் ஓடுதா பாப்போம்” என்று லூயிஸ் சிரித்துக்கொண்டே சொன்னது பக்தவச்சலத்தின் சோற்றில் மண்ணாக விழுந்தது.

ஆக, ஒரு மிஷின் வேண்டும். மன்றத்தில் மிஷின் என்றால் அது உபயமாகத்தான் வரும்.

ஆளுக்கொரு பாகமாக வந்து சேர்ந்ததைத் தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தப்ரேஸ் ஒன்றாக மாட்டிக் கொடுத்தான். அவனுக்கு முதல் தலைவலி, பெயர். உள்ளே போய்விட்டால் உபயம் யாருக்குத் தெரியும் என்று கொடுத்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிவிட்டு மீன் தொட்டிக் கண்ணாடியைப் பொருத்தி, உள்ளே ஒரு சீரியல் பல்பையும் தொங்கவிட்டான். படம் காட்டுவதற்குத் தனியாக ஒரு கார்டு போட்டால் ஆட்டம் ஜோராக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். கார்டு உள்ளே குப்புறப் படுத்திருக்கும், எழுதின பெயர் கீழே பார்க்கும் என்று தெரிந்ததும் அதைக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

மெமரி ஒன்றை வேதமாணிக்கம் கொடுத்தார், 256 எம்பி. அதை வைத்து ஆடினால் பந்தை உதைத்த கால் தூக்கியபடியே நிற்கும், ஹார்ட் டிஸ்க் கடகடவென்று அரைக்கும், கொஞ்ச நேரம் கழித்து எங்கோ கோல் விழுந்திருக்கும். இடம் போதவில்லை என்றான் தப்ரேஸ். உடனே கலீலுல்லா அதே மாதிரி இன்னொரு 256 கொண்டுவந்தார். அதோடு சண்டையும் வந்தது. மெமரிக் குச்சிகள் போர்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கழுத்தைச் சாய்த்துக் கண்ணாடி வழியே பார்த்தால் முதல் ஸ்லாட்டில் நிற்பதன் முகம் மட்டும்தான் முழுசாகத் தெரியும். “நான் மொதல்ல குடுத்தவன்” என்றார் வேதமாணிக்கம். “நான் குடுத்த அப்பாலதான பந்தே நவுந்துச்சு” என்றார் கலீலுல்லா. கடைசியில் வாரத்துக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றிப் போடுவது என்று தீர்மானம் போட்டு, அதை நிறைவேற்றும் வேலையைத் தப்ரேஸ் தலையில் கட்டினார்கள்.

இரண்டு குச்சியும் சேர்ந்ததும் மிஷின் பறந்தது. புல் தனித்தனியாகத் தெரிந்தது. அறிவு ஒரு கோல் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு பிளாக்கைச் சுற்றி ஓடி, பாதியில் மூச்சு முட்டி ரிக்‌ஷாவில் திரும்பி வந்தான். ராயபுரத்துக்காரர்கள் வரட்டும் என்று எல்லோரும் மீசையைத் தடவினார்கள்.

அந்த நேரத்தில்தான் சொக்கம்மாள் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து டிபன் பாக்ஸைத் திறந்து புருஷன் முன்னால் வைத்தாள். மணலி புதுநகர் பக்கம் சரக்கு ஆபீஸ் ஒன்றில் அவள் அட்டெண்டர். டிபன் பாக்ஸில் துவைத்து மடித்த கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஒரு மெமரிக் குச்சி, 128.

“ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டரெல்லாம் கழிச்சுக் கட்டறாங்க” என்றாள். “தூக்கத்துலகூட மெமரி பத்தல மெமரி பத்தலன்னு பொலம்பிகினு கெடந்தியே. மேனேஜராண்ட கேட்டேன். குடுத்தாரு.”

சொக்கம்மாள் யாரிடமும் எதையும் கேட்கிறவள் அல்ல. சம்பளம் ஒரு மாதம் தள்ளிப் போனபோதுகூட வாயைத் திறக்காதவள் அந்த மேனேஜரின் மேஜை முன்னால் நின்று கேட்டிருக்கிறாள். ‘போதும் சொக்கு, கலீலுல்லா பாய் குடுத்ததோட எடம் சரியாயிடுச்சு’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஊரில் இரும்புக் கதவு கொடுத்தவனிடமே சொல்லாத வாய், இவளிடம் எப்படிச் சொல்லும்?

“என் பேரு போடு” என்றாள் அவள். “பின்னாடி உன் பேரு சேர்க்காத. ரேஷன் கார்டுலேர்ந்து கேஸு புக்கு வரைக்கும் உன் பேருதான் கீது. இதுல எனுது மட்டும்.”

அவர் தூரிகையின் மயிரையெல்லாம் வெட்டிச் சிலவற்றை மட்டும் விட்டுவைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினார். கை கப்பலுக்குப் பழகிய கை. விரல் நீளக் குச்சியில் ‘சொக்கம்மாள்’ என்பதற்குள் மூன்று தடவை டர்பன்டைன் போட்டுத் துடைக்க வேண்டியிருந்தது. கடைசியில் எழுத்து நின்றது. வாழ்க்கையில் அவர் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான் என்று அவரே நினைத்தார். நானும் பார்த்திருக்கிறேன், உண்மைதான். மூன்றாவது ஸ்லாட்டில் அது ஏறியது. கழுத்தை மறுபக்கம் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கடைசிக் குச்சியின் முகம் தெரியும், மறைக்க எதுவும் இல்லை. ஆட்டத்தன்று வந்து பார்ப்பதாகச் சொக்கம்மாள் சொன்னாள். மன்றத்து வாசற்படியை அதுவரை அவள் மிதித்ததே கிடையாது.

அவள் குச்சி ஏறிய அன்றைக்கே மிஷின் நொண்ட ஆரம்பித்தது. நிற்கவில்லை, திக்கவில்லை. எல்லாம் ஓடியது, முட்டியளவு மழைத்தண்ணீரில் ஓடுவது போல ஓடியது. அறிவு கட்டையை அழுத்தினால் திரையில் இருந்தவன் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் காலைத் தூக்கினான்.

மன்றத்தில் ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துச் சாம்பல் பறந்து வந்து உள்ளே அடைத்திருக்கும் என்று ஒருவர் பிரஷ் போட்டார். வோல்டேஜ் குறைவு என்று கலீலுல்லா ஸ்டெபிலைசர் ஒன்றைக் கொண்டுவந்தார், பெயரோடு. மிஷினுக்குச் சூடு ஆகாது என்று தன் ஐஸ் பாக்டரி அனுபவத்தில் வேதமாணிக்கம் ஈரச் சாக்கைப் போர்த்தினார். தப்ரேஸ் வந்து பார்த்து, சாக்கை எடுத்து எறிந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு பக்தவச்சலத்தைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மூன்றாவது குச்சியைக் கழற்றி ஓட்டிப் பார்த்தான். மிஷின் பறந்தது. திரும்பப் போட்டான். நொண்டியது.

“நைனா, இதாலதான்” என்றான்.

பக்தவச்சலம் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார். “அதெப்படி? மெமரி ஜாஸ்தி ஆனா வேகம் ஜாஸ்தி ஆவணுமே.”

“எடம் பத்தாத வரைக்கும் அப்படி. ரெண்டு போட்டதுமே இந்த ஆட்டத்துக்கு எடம் போதும். பக்கெட்டு நெறைஞ்ச அப்பால கொழாயத் தொறந்து வுட்டா இன்னா பிரயோசனம்? எவ்ளோ புடிக்கும்ன்றது ஒரு கணக்கு. கேட்டா எவ்ளோ ஜல்தியா எடுத்துக் குடுக்கும்ன்றது வேற கணக்கு. தண்ணி லாரி வந்தா நீங்க கீழேர்ந்து மாடிக்கு வரிசையா நின்னு கைமாத்தி கொடம் ஏத்தறீங்க இல்ல? அதுல ஒரு ஆளு மூச்சு வாங்கிகினு மெதுவா வாங்கினா, வரிசை எவன் வேகத்துல போவும்?”

“அந்த ஆளு வேகத்துல.”

“அதான் இது. அவங்க ரெண்டு பேரு குடுத்ததும் கேட்ட ஒடனே குடுக்கற சரக்கு. உங்க வூட்டம்மா குடுத்தது பழசு, கொஞ்சம் யோசிச்சுட்டுதான் குடுக்கும். மூணும் ஒண்ணாப் போவணுமேன்னு போர்டு மத்த ரெண்டையும் இதோட நடைக்கு எறக்கி வுட்டுடுது. படத்துக்குத் தனி கார்டும் எவனும் குடுக்கல. புல்லு, கூட்டம், ஜெர்சின்னு அல்லாத்தையும் இந்த மெமரிலேர்ந்தே வாரி வாரி வரையுது. அதான் கண்ணுக்கு இவ்ளோ தெரியுது.”

“இத்த மட்டும் வெரட்டி ஓட வைக்க முடியாதா?”

தப்ரேஸ், மிஷின் கண் விழிக்கும்போது வரும் நீலத் திரைக்குள் போய் எண்களைக் குறைத்து வேகத்தைக் கூட்டினான். மிஷின் ஒருமுறை விக்கியது, அப்புறம் உயிரே வரவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டித்தான் எழுப்ப முடிந்தது. பக்தவச்சலத்துக்கு இது ஆச்சரியமாக இல்லை. சொக்கம்மாளை அவசரப்படுத்தினால் வீட்டில் எல்லாமே நின்றுவிடும் என்பதை அவர் பல தடவை பார்த்தவர்.

“கழட்டிடலாம் நைனா” என்றான் தப்ரேஸ்.

கழற்றினால் அவள் வந்து பார்ப்பாள். பதினெட்டு வருஷத்தில் அவள் கொடுத்த ஒரே பொருள், அவள் பெயர் மட்டும் தாங்கிய ஒரே பொருள், மூலையில் கிடக்கும். விட்டுவைத்தால் ராயபுரமே சிரிக்கும், மன்றத்து மானம் போகும். பக்தவச்சலம் அந்த மிஷின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மனுஷன் கடைசியில் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் பாவம் பறந்துவிடும்.

குச்சியைக் கழற்றி, கண்ணாடிக்கு நேரே உள்தகரத்தில் பசை போட்டு ஒட்டிவிட்டார். பல்புக்குப் பக்கத்தில், பெயர் வெளியே பார்க்க. முதல் ஸ்லாட்டைவிட நூறு மடங்கு நல்ல இடம். மிஷினுக்கும் அதற்கும் எந்த ஒட்டும் கிடையாது. மன்றத்தாரிடம், “புது மெமரி இல்லையா, செருப்பு மாதிரி, பழகறதுக்கு ரெண்டு நாளு எடுத்துக்கிச்சு” என்று சொல்லிவிட்டார். எல்லோரும் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல் வேதமாணிக்கம், என் மெமரியும் முதலில் அப்படித்தான் இருந்தது என்று சாட்சியும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ராயபுரத்துக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். ஜெர்சிகள் வயிற்றில் ஏறி நின்றன. நடுவர் வேதமாணிக்கம் பிகிலோடு மின்விசிறிக்கு நேர் கீழே நின்றார். அப்போதுதான் சொக்கம்மாள் வந்தாள். மாம்பழக் கலர் புடவை, தலையில் பூ. இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே வந்து, மூடினாள். இரண்டு அணியும் எழுந்து நின்றன. கலீலுல்லா தன் நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார்.

“வாங்க தங்கச்சி. உங்க மெமரி போட்ட அப்பாலதான் மிசினு ஷோக்காப் பறக்குது” என்றார்.

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பக்தவச்சலம் பார்த்தார்.

முதல் பாதி புயலாகப் போனது. லூயிஸ் ஒன்று போட்டார், அறிவு ஒன்று போட்டான். “மிசினு பரவால்லியே மாமு” என்று லூயிஸ் வாய்விட்டே சொன்னார். அந்தச் சொல்லுக்காக ஒரு வருஷம் காத்திருந்த பக்தவச்சலத்துக்கு அது காதிலேயே ஏறவில்லை. அவர் சொக்கம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை. எலுமிச்சைத் தட்டு சுற்றி வந்தது. ஒருத்தர் எல்லார் முட்டிக்கும் தைலம் தடவினார், யாரும் ஓடவில்லை என்றாலும். சொக்கம்மாள் எழுந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் போய்க் குனிந்து தன் பெயரைப் படித்தாள். எழுத்துக் கூட்டி, மெதுவாக, இரண்டு தடவை. பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள்.

ஆபீஸில் இன்ஜினியர் வந்து பெட்டிகளைத் திறந்து போடும்போதெல்லாம் பக்கத்தில் துணியோடு நின்று தூசி துடைத்தவள் அவள். அவர் இரண்டு கட்டைவிரலாலும் குச்சியை அழுத்துவதையும், இரண்டு பக்கத்துக் கொக்கியும் ‘டக்’கென்று கடிப்பதையும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இங்கே இரண்டு குச்சிகள் கொக்கியில் நின்றன. மூன்றாவது ஸ்லாட் வாயைத் திறந்துகொண்டு காலியாக இருந்தது. அவளுடைய குச்சியின் பித்தளைப் பற்கள் எதையும் கடிக்காமல் தகரத்தின் மேல் கிடந்தன.

“இது ஏன் ஸ்லாட்டுல இல்லாம வெளியே ஒட்டிக்கினு கீது?” என்றாள்.

தப்ரேஸ் மின்விசிறியில் வேதமாணிக்கத்தின் பெயரைப் படிக்க முயற்சி செய்தான். எலுமிச்சை உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். பக்தவச்சலத்துக்குப் பொய்கள் மூன்று நான்கு கைவசம் இருந்தன. புது மாடல், இப்படித்தான் வைக்கணும். சூடு ஆகாம இருக்க வெளியே வெச்சிருக்கு. ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லி மெருகேறிய வாய்தான். அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் வரவில்லை.

“அத்தப் போட்டா மிசினு மெதுவா ஆயிடுது சொக்கு” என்றார். “பழசு அது. மத்த ரெண்டையும் தன் வேகத்துக்கு எறக்கிடுது. உன்னாண்ட சொல்றதுக்கு எனுக்கு தகிரியம் இல்ல. அதான் ஒட்டி வெச்சேன். தப்புதான்.”

‘உபயம் உதவாது’ என்ற சொல் அந்த அறையில் முதல்முறையாகச் சொல்லப்பட்டிருந்தது. அடுத்து யார் பொருளோ என்று எல்லோரும் அவரவர் உபயத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கலீலுல்லாவின் பார்வை இரும்புக் கதவில் போய் நின்றது.

சொக்கம்மாள் அழுவாள் என்று பக்தவச்சலம் நினைத்தார். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“மத்த ரெண்டுமா எறங்கிடுது?”

“ரெண்டும்.”

“ஆடறவங்க?”

“அல்லாரும். மொத்த மிசினுமே.”

“அப்ப போடு” என்றாள்.

“சொக்கு, ராயபுரத்துக்காரங்க எதிர்ல...”

“அவங்களும்தான்.” நாற்காலியில் போய் நிதானமாக உட்கார்ந்தாள். “பதினெட்டு வருசமா உங்க ஆட்டத்துக்கோசரம் நான் ஓடிகினு கீறேன். ஜல்தி டீ, ஜல்தி தண்ணி, ஜல்தி பாயி. ஒரு நாளாவது ஒரு நிமிசம் நின்னு வரட்டும்னு எவனாவது சொன்னீங்களா? இன்னிக்கி பாதி ஆட்டம் நீங்க அல்லாரும் என் நடைக்கு வாங்க. போடு.”

லூயிஸ் நடுவரிடம் முறையிட்டார். மின்விசிறிக்குக் கீழே நின்ற வேதமாணிக்கம் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். உபயம் கொடுத்தவர் வைக்கச் சொன்ன இடத்தில் வைப்பதுதான் முறை என்று தீர்ப்புச் சொல்லிப் பிகில் ஊதினார். தப்ரேஸ் பசையைச் சுரண்டிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினான். கொக்கி ‘டக்’கென்று கடித்தது. அந்தச் சத்தத்துக்குச் சொக்கம்மாள் தலையை ஆட்டினாள்.

இரண்டாவது பாதி தொடங்கியது. தொடங்கியது என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. அறிவு கட்டையை அழுத்திவிட்டுக் காதைக் குடைந்தான், குடைந்து முடித்தபோது திரையில் கால் எழும்பியது. பின்னால் நின்ற இளைஞர்கள் முதலில் நெளிந்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஆட்டத்தின் கடிகாரமும் அதே நடையில்தான் நகர்ந்தது. லூயிஸ் அடித்த பந்து கோலை நோக்கி மேலே எழும்பி, மேலேயே போய்க்கொண்டிருந்தது.

“இன்னாமா இது, பந்து வர்றதுக்குள்ள போயி டீ குடிச்சுட்டு வந்துடலாம் போலக் கீது” என்றார் லூயிஸ்.

“குடிச்சுட்டு வாங்கண்ணா” என்றாள் சொக்கம்மாள். “அது எங்கயும் போவாது.”

டீ என்ற சொல்லைக் கேட்டதும் வழக்கம்போல எல்லோருடைய முகமும் அவள் பக்கம் திரும்பியது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்தவச்சலம் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். இரும்புக் கதவைத் திறந்து, மூடி, வாசல் வரைக்கும் போனவர் நின்றார். மன்றத்தில் யாருக்கு எத்தனை சர்க்கரை, யாருக்கு இஞ்சி, யாருக்கு ஆடை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். திரும்பி வந்தார்.

“சொக்கு, உனுக்கு சக்கரை எவ்ளோ போடச் சொல்லணும்?”

அறையில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். சொக்கம்மாளும் பார்த்தாள்.

“வாணாம்” என்றாள். “நான் சக்கரைய நிறுத்தி ஆறு வருசம் ஆவுது.”

பக்தவச்சலம் சட்டியோடு அங்கேயே நின்றார். திரையில் பந்து இன்னும் கீழே வரவில்லை. “போய்ட்டு வா, நிதானமா” என்று அவள் சொன்னதும்தான் அவர் படியிறங்கிக் கடைக்குப் போனார்.